பேச்சு தடுமாறும் டிமென்ஷியா: எம்.ஆர்.ஐ.யா, பெட் ஸ்கேனா?

டிமென்ஷியா என்றதும் நமக்கு ஞாபக மறதிதான் நினைவுக்கு வரும். ஆனால் சிலருக்கு நேற்று நடந்ததெல்லாம் நன்றாக நினைவிருக்கும், வழி தெரியும், ஆளை அடையாளம் தெரியும்; பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவிப் போகும். 1982-ல் மெசுலம் என்ற நரம்பியல் மருத்துவர் இப்படிப்பட்ட ஆறு பேரைப் பற்றி எழுதிய பிறகுதான் இது தனி நோயாகக் கவனம் பெற்றது. இன்று இதன் பெயர் பிரைமரி புரோகிரசிவ் அஃபேசியா (Primary Progressive Aphasia).

இதில் மூன்று வகை உண்டு, 2011-ல்தான் அவற்றுக்கு முறையான வரையறை வந்தது. முதல் வகைக்காரர் சரளமாகத்தான் பேசுவார். "அந்தச் சீப்பை எடுங்க" என்றால் "சீப்பா? சீப்புன்னா என்ன?" என்று நிஜமாகவே கேட்பார். காது நன்றாகக் கேட்கிறது, சொல்லின் பொருள்தான் அழிந்துவிட்டது. இரண்டாம் வகையில் பொருள் தெரியும், ஆனால் ஒவ்வொரு ஒலியையும் முக்கி முக்கிக் கொண்டுவர வேண்டியிருக்கும், விகுதியும் வேற்றுமையும் உதிர்ந்து "நான்... கடை... போ" என்று நிற்கும். மூன்றாம் வகையில் சொல் கிடைக்காமல் பேச்சு நடுவில் நின்று நின்று போகும். ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்பவர் நீளமான வாக்கியத்தைச் சொல்லச் சொன்னால் பாதியில் தொலைத்துவிடுவார்.

சரி, எந்த ஸ்கேன்?

முதலில் எம்.ஆர்.ஐ.தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கதிர்வீச்சு கிடையாது, கட்டியோ பக்கவாதமோ இருந்தால் அதுவும் தெரிந்துவிடும். முதல் வகைக்கு இது அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் மூளையில் நெற்றிப்பொட்டை ஒட்டி இருக்கும் இடது பொட்டு மடலின் முன்நுனி பார்த்த மாத்திரத்தில் தெரியும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஆனால் மற்ற இரண்டு வகையிலும், குறிப்பாக ஆரம்பத்தில், படம் கிட்டத்தட்ட இயல்பாகவே இருக்கக்கூடும். "வயதுக்கேற்ற சுருக்கம்" என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. பேச்சுதான் பிரச்சினை, இடது வலது வித்தியாசத்தைப் பாருங்கள் என்று ஸ்கேன் சீட்டிலேயே எழுதித்தரச் சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ. கைவிரிக்கும் இடத்தில் குளுக்கோஸ் பெட் (PET) ஸ்கேன் உதவும். மூளையின் எந்தப் பகுதி சர்க்கரையைக் குறைவாக எடுத்துக்கொள்கிறது என்று இது காட்டும். செல்கள் செத்துச் சுருங்குவதற்கு முன்பே வேலையில் மந்தமாகிவிடுவதால், சுருக்கம் தெரியாத இடத்திலும் மந்தம் தெரியும். இரண்டாம் வகையில் இடது முன்மடலின் கீழ்ப்பகுதியும், மூன்றாம் வகையில் இடது பொட்டு மடலும் உச்சி மடலும் சேரும் இடமும் மங்கும். சில மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும், சர்க்கரை போன்ற மருந்தை ஊசியில் ஏற்றியபின் பேசாமல் அமைதியாகப் படுத்திருக்க வேண்டும். அந்த மருந்தில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு இருக்கிறது, சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும்.

அப்புறம் அமிலாய்டு பெட். இதைப் பலரும் மேலே சொன்னதன் உயர்ந்த ரகம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, இது பதில் சொல்லும் கேள்வியே வேறு. எந்த இடம் கெட்டது என்று இது சொல்லாது, அல்சைமருக்கு உரிய அமிலாய்டு என்ற புரதப் படிவு மூளையில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். மூன்றாம் வகைக்குப் பின்னால் பெரும்பாலும் அல்சைமர்தான் இருக்கும் என்பதால் அங்கே இதற்கு மதிப்பு அதிகம், அமிலாய்டை நீக்கும் புதிய மருந்துகளைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இந்தப் பதில் தேவையும்கூட. முதல் வகையில் பெரும்பாலும் வேறு புரதம், அதனால் இதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. வயதானவர்களில் எந்தக் குறையும் இல்லாத பலருக்கும் இந்தப் படிவு இருக்கும். எண்பது வயதில் படிவு இருக்கிறது என்று வந்தால், பேச்சு போவதற்குக் காரணம் அதுதான் என்று ஒரே அடியாக முடிவு கட்டிவிட முடியாது.

மருத்துவரிடம் போவதற்கு முன் நோயாளி இயல்பாகப் பேசுவதை, அவரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு படத்தைக் கொடுத்து அதில் என்ன நடக்கிறது என்று சொல்லச் சொன்னால் போதும். அவர் எங்கே நிற்கிறார், எந்தச் சொல்லைத் தேடுகிறார் என்று கேட்ட பிறகு பார்க்கும்போதுதான் ஸ்கேன் படத்தில் எந்த இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும் என்று மருத்துவருக்கும் பிடிபடும்.