முள் நடுவில்தான் நின்றது: பழைய ஜெர்மன் காரோடு வன்னியில் ஒன்பது வருஷம்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு இருபது வயது தாண்டின ஜெர்மன் சொகுசுக் கார் வைத்திருந்தால் சனம் இரண்டு விதமாகப் பார்க்கும். வெளிநாட்டில் ஆள் இருக்குப் போல என்பது ஒன்று. பாவம் என்பது மற்றது. எனக்கு வெளிநாட்டில் ஒருவரும் இல்லை.

2003ஆம் ஆண்டுக் கார். ஆறு சிலிண்டர், 2.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின், ஒட்டோ கியர். 2016இல் கொழும்பில் வாங்கும்போது மீற்றரில் 1,38,000 கிலோமீற்றர் இருந்தது, இப்போது 2,11,000. எந்தக் கொம்பனி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தக் கொம்பனிக்காகச் சண்டைக்கு வர ஆட்கள் இருக்கிறார்கள். வாங்கினது ஆடம்பரத்துக்கு இல்லை, தொழிலுக்கு. கலியாண வீடுகளுக்குக் கதிரை, பந்தல், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறேன். அதோடு பொம்பிளை மாப்பிளைக்குக் காரும் கொடுத்தால் ஓடர் மொத்தமாக நமக்கே வரும் என்ற கணக்கு.

ஓட்டத்தில் குறை சொல்லவே முடியாது. ஓமந்தை தாண்டி, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஏ9இல் வரும்போது ரோட்டு இருக்கிறதே தெரியாது. முதுகு நோக்காட்டுக்கார அப்பா வவுனியா ஆஸ்பத்திரிக்கு இதில் மட்டும்தான் ஏறுவார். கியர் பெட்டி, பிரேக், இருக்கைத் தோல் எல்லாம் வயதுக்கு நல்ல நிலைமை. என் காசைத் தின்றது ஒரே ஒரு பகுதிதான்: எஞ்சினும் அதைக் குளிர வைக்கிற ஏற்பாடும்.

முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் எங்கட பக்கத்தில் ஒரு வாகனமும் போகாது. 2017 ஆகஸ்டில் வவுனியாவில் இருந்து திரும்பும்போது நானும் நிறுத்தினேன். சரியான வெயில், சோளகக் காற்று, புழுதி. காருக்குள் பிள்ளைகள் இருந்ததால் ஏசியைப் போட்டபடியே விட்டுவிட்டு இறங்கித் தேங்காய் உடைத்தேன். கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பினால் பொனற்றின் ஓரத்தால் வெள்ளைப் புகை. உள்ளே எட்டிப் பார்த்தேன். வெப்பம் காட்டுகிற முள் நடுவில்தான் நின்றது.

எஞ்சினை நிறுத்திப் பொனற்றைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிற பிளாஸ்ரிக் தண்ணித் தாங்கி மேலிருந்து கீழாக ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. வான் ஒன்றின் சாரதி ஓடிவந்து குளிர்ந்த தண்ணிப் போத்தலை நீட்டினார். கச்சான் விற்கிற அம்மாதான் கத்தினா: "தம்பி, மூடியில கை வைக்காதேங்கோ, என்ர மருமோன் இப்பிடித்தான் முகத்தை அவிச்சவன்." அன்றைக்கு அவ சொன்னதுதான் சரியான தொழில்நுட்ப ஆலோசனை. கொதித்துக் கிடக்கிற அலுமினிய எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணியை ஊற்றினால் எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டில் வெடிப்பு விழவும் கூடும்.

அந்தத் தாங்கி ஏன் வெடித்தது என்று பிறகுதான் விளங்கியது. ஓடுகிற எஞ்சினில் இந்தத் தண்ணி அழுத்தத்தோடு நிற்கிறது. கூலன்ற் என்கிற குளிர்விக்கிற திரவமும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து, மூடியும் ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் 120 பாகை தாண்டியும் கொதிக்காது. அழுத்தம் போனால் 108 மட்டிலேயே கொதி தொடங்கிவிடும். பதினான்கு வருஷம் சூடும் குளிருமாக மாறி மாறிப் பட்ட பிளாஸ்ரிக் பப்படம் மாதிரி ஆகியிருந்தது. நிறுத்தின இடத்தில் காற்றோட்டமும் இல்லை, ஏசியும் ஓடுகிறது. அழுத்தம் ஏறினதும் பலவீனமான இடம் விட்டுவிட்டது.

கட்டி இழுத்துக்கொண்டு போனது எங்கட ஊர் மெக்கானிக் அண்ணையிடம். அவரைக் குறைவாகச் சொல்ல எனக்கு வாய் வராது. தொண்ணூறுகளில் வன்னிக்குள் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின் ஏ40 காரும் ஓட வைத்த கை அது. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற பெற்றோலைக் காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த எஞ்சின்கள் எதையும் பொறுத்தன. தண்ணி குறைந்தால் வாய்க்கால் தண்ணி, இரண்டு பகுதிக்கு நடுவில் அடைப்பாக வைக்கிற காஸ்கட் இல்லாவிட்டால் மட்டையில் வெட்டினது, எதைப் போட்டாலும் ஓடும். அண்ணை என் காரையும் அதே அன்போடுதான் பார்த்தார்.

கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் இருந்து பாவித்த தாங்கி ஒன்று பஸ்ஸில் பாசலாக வந்தது. அதைப் பூட்டிவிட்டு அண்ணை, எஞ்சின் சூட்டுக்கு ஏற்றபடி தண்ணிப் பாதையைத் திறந்து மூடுகிற தேர்மோஸ்ரற்றைக் கையில் எடுத்துக் காட்டினார். "தம்பி, இது குளிர் நாட்டுக்காரன்ர சாமான். எங்கட வெயிலுக்கு என்னத்துக்கு? இது இல்லாட்டித் தண்ணி தாராளமா ஓடும்." சரி என்றேன். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது. கடைசியாகக் கராஜ் கிணற்றில் இருந்து இரண்டு வாளி தண்ணி. என் பங்குக்கு நானும் ஒரு வாளி பிடித்தேன்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அடுத்த ஒரு வருஷத்தின் செலவு முழுக்க அந்தப் பின்னேரத்தில்தான் தொடங்கியது.

வன்னிக் கிணற்றுத் தண்ணி எப்படி என்று வீட்டுக் கேத்திலைத் திறந்து பார்த்தால் தெரியும். அடியில் வெள்ளையாக ஓடு பிடித்திருக்கும். கல்சியம். நாங்கள் குடிக்கிறதுக்கே பில்ரர் தண்ணி வாங்குகிறோம், காருக்கு மட்டும் கிணற்றுத் தண்ணி போதும் என்று நினைத்தோம். எஞ்சின் தண்ணியைக் காற்றில் ஆற வைக்கிற ரேடியேற்றருக்குள் இருக்கிற குழாய்கள் பட்டையானவை, உள்ளே இடைவெளி மிகக் குறைவு. அங்கே அந்த ஓடு படிந்தால் பிறகு ரேடியேற்றர் பெயருக்குத்தான். பழைய கூலன்றில் துரு பிடிக்காமல் காக்கிற மருந்தும் இருந்தது, அதையும் கழுவி ஊற்றிவிட்டோம்.

தேர்மோஸ்ரற் கதை இன்னும் கெட்டது. இந்த எஞ்சினில் தேர்மோஸ்ரற் ஒரு வாசலை மட்டும் திறக்கிறதில்லை. சூடேறும்போது ரேடியேற்றர் வாசலைத் திறந்து, எஞ்சினுக்குள்ளேயே சுற்றுகிற குறுக்கு வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணி ரேடியேற்றர் பக்கம் போகாமலே திரும்பிவரும். ஆகவே ஏ9இல் வேகமாகப் போனால் எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்து பெற்றோலைக் குடிக்கும், ஊருக்குள் ஊர்ந்தால் சூடேறும். லீற்றருக்கு எட்டரைக் கிலோமீற்றர் ஓடின கார் ஏழுக்கு இறங்கியது. பெற்றோல் செட்டில் கள்ள அளவை என்று நான் வேறு சந்தேகப்பட்டேன்.

2018 வைகாசி, புதுக்குடியிருப்பில் ஒரு கலியாணம். கோயிலில் இருந்து மண்டபத்துக்கு அரைக் கிலோமீற்றர்தான். முன்னால் மேளம், நாதஸ்வரம், அதற்கு முன்னால் வீடியோக்காரன், அவனுக்கு முன்னால் ட்ரோன். கார் நடக்கிற வேகம் கூட இல்லை. காண்டாவனம் முடிந்தும் முடியாத வெக்கை, நேரம் பதினொன்றரை, ஏசி முழுதாக. பாதி வழியில் ஏசிக் காற்று வெக்கைக் காற்றாக மாறியது. அப்புறம் முள் அசைந்தது. ஒன்றரை வருஷமாக நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்ற முள், ஒரு நிமிஷத்துக்குள் சிவப்பைத் தொட்டது.

நடுவழியில் மாப்பிளை காரை நிறுத்த முடியுமா? ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டேன். எஞ்சின் சூட்டைக் காருக்குள் இழுத்துவிட அதுவும் ஒரு சின்ன ரேடியேற்றர்தான். கண்ணாடி நான்கையும் இறக்கினேன். பின்னால் தலைப்பாகையோடு மாப்பிளை, கூறைச் சேலையோடு பொம்பிளை, முகத்தில் அடுப்புக் காற்று. பொம்பிளை தாயைப் பிரிகிற கவலையில் அழுகிறா என்று எல்லோரும் நினைத்தார்கள். மண்டபம் வந்து சேர்ந்தோம். வாடகைக் காசை நான் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை.

அந்தச் சூட்டில் ஹெட் காஸ்கட் போய்விட்டது. உடனே தெரியவில்லை, அதுதான் இதன் கள்ளத்தனம். இரண்டு கிழமைக்குத் தினமும் ஒரு தேநீர்க் கோப்பை அளவு தண்ணி காணாமல் போனது, நிலத்தில் ஒரு சொட்டு இல்லை. விடியப்புறம் ஸ்ராட் பண்ணினால் புகைக்குழாயில் வெள்ளைப் புகை. எஞ்சின் ஓடும்போது தாங்கிக்குள் சோடா மாதிரிக் குமிழ். இந்த மூன்றும் சேர்ந்தால் மறுபேச்சு இல்லை, ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

கழற்றினபோது ரேடியேற்றரையும் வெளியே எடுத்தோம். ஏசியின் கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். அதற்குள் பதர். அறுவடைக் காலத்தில் ரோட்டோரத்தில் காயப்போட்ட நெல்லின் சப்பியும் உமியும் புழுதியோடு சேர்ந்து மெத்தை மாதிரி அமுங்கிக் கிடந்தது. இரண்டு கை நிறைய வழித்து எடுத்தேன், நடுவில் முளைத்த நெல் ஒன்றும் இருந்தது. ஜெர்மன்காரன் எத்தனையோ யோசித்துச் செய்திருப்பான், பரந்தன் ரோட்டில் நெல் காயப்போடுவோம் என்று யோசித்திருக்க மாட்டான்.

விசிறியும் செத்திருந்தது. எஞ்சினோடு சுற்றுகிற ஃபேனின் நடுவில் ஒரு கிளட்ச் உண்டு, சூடேறினால் இறுகிப் பிடிக்க வேண்டும். நன்றாகச் சூடேறின எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுழற்றிப் பார்த்தால் இறுக்கம் தெரியும். எங்களது பம்பரம் மாதிரிச் சுற்றியது. இதில் ஒரு கணக்கு உண்டு: ஊர்ந்து போகும்போது மட்டும் சூடேறினால் முதல் சந்தேகம் விசிறியில், வேகமாகப் போகும்போதும் சூடேறினால் ரேடியேற்றர் அடைப்பிலும் தண்ணி பம்பிலும். என் காருக்கு இரண்டும் இருந்தது.

ஹெட் வளைந்திருந்ததால் லேத்தில் கொடுத்து முகம் சீவினோம். ஹெட் போல்ற்றில்தான் அண்ணையோடு முதல் முறை வாக்குவாதப்பட்டேன். கழற்றினதையே திருப்பிப் பூட்டலாம் என்றார். இந்த வகைப் போல்ற் இறுக்கும்போது நீள்கிறது, ஒரு முறைக்குத்தான், அதுவும் அளவாக இறுக்கிவிட்டுப் பிறகு பாகைக் கணக்கில் திருப்ப வேண்டும் என்று புத்தகத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுதாக வாசித்தார். "அப்ப சரி, புதுசையே எடுப்பியும்" என்றார். அதற்குப் பிறகு என் காரில் எதைத் தொட்டாலும் "புத்தகம் என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

அந்த முறை ரேடியேற்றர், தாங்கி, மூடி, குழாய்கள், தண்ணி பம்ப், தேர்மோஸ்ரற், ஃபேன் கிளட்ச் எல்லாவற்றையும் ஒன்றாகப் புதிதாகப் போட்டேன். ஒன்றொன்றாக மாற்றினால் புதுச் சாமானின் முழு அழுத்தமும் அடுத்த பழைய சாமானில் போய் விழும். உள்ளே கூலன்றோடு பற்றறிக்கு விடுகிற தண்ணி, பாதிக்குப் பாதி. கூலியோடு 2,70,000 ரூபாய். வாங்கின விலையில் பத்தில் ஒரு பங்கு கிட்ட வரும். விற்றுத் தொலை என்று மனைவி சொன்னதும் அப்போதுதான். நியாயமான கதை, நான்தான் கேட்கவில்லை.

இரண்டாயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு ஒரு சின்ன ஸ்கேனரும் வாங்கினேன், போனோடு இணையும். நான் செலவழித்ததில் இதுதான் உருப்படியானது. அதில் பார்த்த பிறகுதான் முள்ளின் குட்டு வெளிப்பட்டது. 80 பாகையில் இருந்து 112 வரை அந்த முள் நடுவை விட்டு அசையவே இல்லை. சாரதி வீணாகப் பயப்படக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். முள் அசைந்து நாங்கள் பயப்படத் தொடங்கும்போது ஹெட் வளையத் தொடங்கியிருக்கும். இப்போது போனில் 108ஐத் தாண்டினால் ஏசியை நிறுத்துவேன், 112 என்றால் ஓரங்கட்டுவேன்.

2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்தக் கிழட்டுக் காருக்கு நான் வாங்கினதை விடக் கூட விலை கேட்டு ஆட்கள் வந்தார்கள். 2022இல் அதே காரை அசைக்க முடியவில்லை. அரசாங்கத்தின் கியூஆர் பங்கீட்டில் கிழமைக்கு 20 லீற்றர், அதற்கு முன்னர் பெற்றோல் 470 ரூபாய்க்கு ஏறியும் செட்டில் இல்லை. மாதக் கணக்கில் மாமரத்தடியில் நின்றதில் தண்ணி பம்பின் சீல் காய்ந்து கசியத் தொடங்கியது. டொலர் ஏறினதால் 2018இல் 9,000 ரூபாய்க்கு வாங்கின தாங்கி 31,000 ஆகியிருந்தது. ஓடுகிற காரை விட நிற்கிற கார் செலவு என்று அப்போது கண்டேன்.

எண்ணெய்க் கசிவு தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். வால்வ் மூடியின் காஸ்கட் காய்ந்து, புகை வெளியேறுகிற சூடான மனிபோல்டில் எண்ணெய் சொட்டி, சிக்னலில் நிற்கும்போது உள்ளே கருகல் மணம் வரும். மாற்றினால் ஐந்து வருஷம் நிற்கும். அதை மாற்றியும் 1,500 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் எண்ணெய் குறைகிறது. ஒரு போத்தல் எப்போதும் டிக்கியில் கிடக்கும்.

இப்போது புதுக் கார்கள் திரும்ப இறங்குகின்றன, கலியாண வீட்டுக்காரரும் வெள்ளைக் ஹைபிரிட் இருக்கா என்று கேட்கிறார்கள். எனக்கு மாதத்தில் இரண்டு ஓட்டம் கிடைத்தால் பெரிய விஷயம். ஊர்வலத்துக்கு முன்னர் இரண்டு வேலை தவறாமல் செய்கிறேன்: ரேடியேற்றரின் பின்பக்கத்தில் இருந்து முன்னுக்குத் தண்ணியை மெதுவாக அடித்துப் பதரைக் கழுவுவது, எஞ்சின் ஆறியிருக்கும்போது தாங்கியின் பொருத்துக் கோட்டில் விரலை ஓட்டிப் பார்ப்பது. போன கிழமை அந்தக் கோட்டில் வெள்ளையாக ஒரு மயிர்க்கீறு தட்டுப்பட்டது. கசிவு இன்னும் இல்லை. புதுத் தாங்கி வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் வருகிறது, சனிக்கிழமை காலையில் அண்ணை நேரம் தந்திருக்கிறார்.