கொழும்பில் சுற்றும் "துரைமார் தோட்டா" சட்டகம்: காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

தேக்குமரச் சட்டகம், முன்னால் கண்ணாடி, உள்ளே பெரிய வேட்டைத் துவக்குகளின் தோட்டாக்கள் உயர வரிசையில், கீழே "இலங்கை 1912" என்று பொறித்த பித்தளைத் தகடு. இந்தப் படம் இப்போது கொழும்பில் பழம்பொருள் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. கேட்கும் விலை 2,25,000 ரூபா. இதை விற்கும் அதே கடையில் இதே மாதிரி ஒரு சட்டகத்தை நான் 1,85,000 ரூபாவுக்கு வாங்கினேன். காசும் போனது, பொலிஸ் நிலையத்தில் இருந்து வாக்குமூலமும் கொடுக்க வேண்டி வந்தது. விசாரணை முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. சட்டகத்துக்குள் என்ன இருந்தது என்பதை மட்டும் விளக்கமாக எழுதுகிறேன்.

பெரிய குழல் துவக்குகளில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். யானையைச் சுட வேண்டும் என்ற ஆசை ஒருநாளும் இருந்ததில்லை, அதை நினைக்கவே மனம் ஒப்பாது. ஆனால் அந்தத் துவக்குகளையும் தோட்டாக்களையும் செய்தவர்களின் மூளை இருக்கிறதே, அதை எவ்வளவு படித்தாலும் அலுக்காது. அந்தத் தோட்டாக்களில் இருந்த கோர்டைட் என்ற வெடிமருந்து சூட்டுக்கு அடங்காது. இங்கிலாந்துக் குளிரில் ஒழுங்காக வெடிப்பது ஆபிரிக்க வெயிலில் அழுத்தம் கூடி, கோது, அதாவது மருந்து அடைத்த பித்தளைக் கூடு, குழலுக்குள் இறுகிப்போகும். அடிபட்ட யானை எதிரே வரும்போது கோது வெளியே வராவிட்டால் ஆள் முடிந்தான். அதனால்தான் கோதை நீளமாகவும் அகலமாகவும் செய்து, மருந்துக்குத் தாராளமாக இடம் விட்டு, அழுத்தத்தைக் குறைத்தார்கள். 1898இல் லண்டன் துவக்கு நிறுவனம் ரிக்பி கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவின் (எண், குழலின் விட்டம் ஏறத்தாழ எத்தனை அங்குலம் என்பது) கோது மூன்றேகால் அங்குலம், அதாவது 82 மில்லிமீற்றருக்கும் சற்று மேல். ஒன்பது வருடங்களில் இந்தியாவில் பிரிட்டிஷ் அரசு .450ஐத் தடை செய்தது. பழைய மார்ட்டினி ஹென்றித் துவக்குகளும் .450 என்பதால், கிளர்ச்சிக்காரர் கையில் போய்விடும் என்ற பயம். தடையைச் சுற்றிப் போகத்தான் .465, .470, .475 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றில் .470 இன்றும் உயிரோடு இருக்கிறது. 32 கிராம் சன்னம் (முன்னால் பறக்கும் குண்டு), செக்கனுக்கு 2150 அடி வேகம். பக்கத்தில் பழைய இராணுவத் துவக்கின் .303 ரவையை, அதாவது தோட்டாவை, வைத்தால் அதன் சன்னம் வெறும் 11 கிராம்.

இந்த ஆசையோடு கொழும்பில் இருப்பவருக்கு வழி குறைவு. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் தோட்டா எதையும் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க முடியாது. சட்டப்படி உயிருள்ள தோட்டாவை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். ஆகவே எங்களைப் போன்றவர்கள் படம், பழைய விலைப்பட்டியல், மருந்தும் கெப்பும் (ஊசி அடித்தால் நெருப்புத் தரும் அடிமூடி) இல்லாத கோது என்று தேடிக்கொண்டிருப்போம். கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும்.

கடையில் அவர் சொன்ன கதை இதுதான்: அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்ட பங்களா, வெள்ளைக்காரத் துரை 1912இல் தானே அடுக்கிய சட்டகம், பங்களா கைமாறியபோது வெளியே வந்தது. உள்ளே .375, .416, .470, .577, .600, 8 போர் என்ற பெரிய குழல் துவக்கின் ஒரு கோது, கடைசியில் "அளவு ஒப்பிட" ஒரு .303. பக்கவாட்டுத் தோற்றத்தில் .470 அச்சொட்டாகச் சரியாக இருந்தது. தோட்டாவின் உண்மை அடிப்பக்கத்தில்தான் தெரியும் என்பதால், பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். அடிப்பக்கம் முழுவதும் மரக்காடிக்குள் புதைந்திருந்தது.

"கழற்றினால் கண்ணாடி வெடிச்சிடும் தம்பி. நூறு வருசத்துப் பூட்டிப் பசை. நான் இருபது வருசமா இதே இடத்திலதான் இருக்கிறன், எங்கேயும் ஓடமாட்டன். பிழை எண்டால் கொண்டு வாங்க, காசைத் திருப்பித் தாறன்" என்றார்.

"எல்லாம் செத்த தோட்டாதானே ஐயா? உயிருள்ளது ஒன்றும் இல்லையே?" என்று இரண்டு தரம் கேட்டேன்.

"பேசாம இருங்க தம்பி, மருந்து எல்லாம் எடுத்தாச்சு" என்றார். பிறகு ஒரு காந்தத்தை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்து, "பாருங்க, ஒட்டேல்ல. அசல் செம்பும் ஈயமும்" என்று காட்டினார். இந்தக் காந்த வித்தையை உங்களுக்கும் காட்டுவார், கவனமாக இருங்கள். கண்ணாடிக்கும் சன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி, எதுவும் ஒட்டாது. அதைவிட, யானைக்கென்று கைனொக் என்ற இங்கிலாந்துத் தோட்டா நிறுவனம் செய்த திடச் சன்னங்களின் மேலுறை உருக்கு, அதன்மேல் நிக்கல் கலந்த செம்புப் பூச்சு. அசலாக இருந்தால் கிட்டக் கொண்டுபோனதும் காந்தம் பிடித்திருக்க வேண்டும்.

பற்றுச்சீட்டில் "அலங்காரச் சட்டகம் - 1" என்று மட்டும் எழுதினார். தோட்டா விவரத்தையும் எழுதச் சொன்னேன். "அதெல்லாம் எழுதினால் உங்களுக்குத்தான் கரைச்சல்" என்றார். இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தையில் வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பலகையைக் கழற்றினேன். கண்ணாடி வெடிக்கவில்லை. நூறு வருடத்துப் பூட்டி என்றது நகம் வைத்தால் இன்னும் அமிழ்கிறது. பித்தளையின் பழுப்பு நிறத்தை ஈரத்துணியால் ஒற்றினேன், துணி மண்ணிறமாக வந்தது. மணந்து பார்த்தால் சப்பாத்துப் பொலிஷ்.

அதற்குமேல் கை வைக்கவில்லை. கடைசியில் இருந்த .303ஐக் கண்டதும் நெஞ்சு பதறிவிட்டது. அதன் கெப்பில் ஊசி அடித்த பள்ளம் இல்லை, வழவழப்பாக இருந்தது. கெப்பைச் சுற்றி மங்கிய ஊதா வளையம். பிரிட்டிஷ் இராணுவ .303இல் ஊதா வளையம் என்றால் சாதாரணப் போர் ரவை என்று பொருள். அடியில் ரோமன் ஏழும் 43 என்ற எண்ணும். 43 என்பது 1943. செயலிழக்கச் செய்த ரவை என்றால் பக்கத்தில் துளை போட்டிருப்பார்கள், அல்லது கெப் அடிபட்டிருக்கும். இரண்டும் இல்லை. 1912ஆம் ஆண்டுத் துரை 1943ஆம் ஆண்டு ரவையை அடுக்கிய அதிசயம் ஒருபுறம் இருக்கட்டும், என் அக்காவின் பிள்ளைகள் ஓடித்திரிகிற தொடர்மாடி வீட்டுக்குள் ஒரு முழு ரவையை அந்த மனிதர் அலங்காரப் பொருள் என்று சுற்றித் தந்திருக்கிறார். காசுக் கதையை விட இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

இப்படி ஒன்றைக் கண்டால் குலுக்கிப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். கோர்டைட் என்பது தூள் இல்லை. ஈர்க்கு மாதிரி நீட்டுக் குச்சிகளைக் கட்டாகக் கோதுக்குள் செருகியிருப்பார்கள், சத்தம் கேட்கவில்லை என்பதற்காக உள்ளே ஒன்றும் இல்லை என்றாகாது. குறடு கொண்டு சன்னத்தை இழுப்பது, எண்ணெயில் ஊறப்போடுவது போன்ற கைவைத்தியம் ஒன்றும் வேண்டாம். நான் பிள்ளைகளை வெளியே அனுப்பி, அறையைப் பூட்டிவிட்டு 119க்கு அழைத்தேன். வந்தவர்கள் சட்டகத்தை முழுதாகக் கொண்டுபோனார்கள், நானும் கூடப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். நானாகவே அழைத்ததும், பற்றுச்சீட்டும், கடைக்காரரோடு முன்பு நடந்த வாட்ஸ்அப் உரையாடலும் கைகொடுத்தன. அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது, "நான் சட்டகம் மட்டும்தான் வித்தனான், உள்ளுக்கு என்ன இருந்தது எண்டு தெரியாது" என்று அதே பற்றுச்சீட்டைக் காட்டினார். என்னைக் கரைச்சலில் இருந்து காப்பாற்ற என்று எழுதிய துண்டு அவரைத்தான் காப்பாற்றியது.

.303 தவிர மற்றவற்றைப் பொலிஸார் பரிசோதித்துத் திருப்பித் தந்தார்கள். அவற்றை வேர்னியரோடும் கைவிளக்கோடும் உட்கார்ந்து பார்த்தேன்.

.470 உண்மையான கோதுதான், ஆனால் பழையது இல்லை. அடியில் இருந்த எழுத்தை அரத்தால் தேய்த்து, மேலே புதிதாகப் பொறித்திருக்கிறார்கள். பசை போட்டு ஒட்டிய சன்னம் தானாகவே கழன்று வந்தது. உள்ளே வெளிச்சம் அடித்தால் நட்ட நடுவில் ஒரே ஒரு துளை. இதுதான் முக்கியமான இடம். கைனொக்கின் பழைய நைட்ரோ எக்ஸ்பிரஸ் கோதுகள் பெர்டான் முறையில் செய்தவை. கெப் அடிபடும் பட்டடை கோதிலேயே எழுந்து நிற்கும், நெருப்புப் போக அதன் இரு பக்கமும் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். நடுவில் ஒற்றைத் துளை என்றால் பொக்ஸர் முறை, இந்தக் காலத்தில் செய்கிற .470 கோதுகளில் இருப்பது அது. 1912ஆம் ஆண்டுக் கைனொக் என்று ஒருவர் தரும் வெற்றுக் கோதில் ஒற்றைத் துளையைக் கண்டால், அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடலாம்.

.577உம் .600உம் தோட்டாவே இல்லை. கெப் என்று இருந்தது பித்தளை வில்லை, அதற்குப் பின்னால் துளையே கிடையாது. .577 கோதின் நீளம் மூன்று அங்குலம், 76 மில்லிமீற்றர். இது 79. சன்னத்தின் விட்டம் 15 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். இது 16. எதையோ படத்தில் பார்த்து அளவு போட்டிருக்கிறார்கள். பஞ்சிகாவத்தையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரத் தம்பி கையில் வாங்கி, வாயை வெளிச்சத்தில் ஒருதரம் திருப்பிப் பார்த்தார். "இது தடியில இருந்து கடைஞ்சது அண்ணை, உள்ளுக்கு வரி வரியாக் கிடக்கு, பாருங்க" என்றார். உண்மைக் கோது அச்சில் அழுத்தி இழுத்துச் செய்வது. சுவர் வாயில் மெல்லியதாகத் தொடங்கி அடிக்குப் போகப் போகத் தடிக்கும். இதில் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிப்பு. அடி எழுத்திலும் வித்தியாசம் தெரியும். ஆலையில் ஒரே அடியில் பதித்த எழுத்தின் பள்ளம் ஒரே ஆழத்தில் இருக்கும். இதில் ஊசியால் கீறியது போல ஓரிடம் ஆழம், ஓரிடம் மேலோட்டம், எழுத்துகள் வட்டத்தில் நிற்காமல் சரிந்து கிடந்தன. 8 போர் கோதும் அதே பட்டறை வேலை. .375உம் .416உம் உண்மைக் கோதுகள், ஆனால் அவையும் .470 போல எழுத்துத் தேய்த்த புதியவை.

காசைக் கேட்டுப் போனேன். திருப்பித் தருவதாகச் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லையாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

இப்போது சுற்றும் புதுச் சட்டகத்துக்கு அவர் இன்னும் பெரிய கதை கட்டியிருக்கிறார். அதிலுள்ள 8 போர் பித்தளைத் தோட்டா, ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸ் பாவித்ததாம். நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாக்கள் அந்தக் கால வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கருடையதாம். ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தவர், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அவர் காலத்துத் துவக்கு வாய்வழியாக மருந்தும் குண்டும் இடித்து நிரப்புவது. பித்தளைத் தோட்டாவை அவர் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார். பேக்கர் இலங்கையை விட்டுப் போனது 1855இல். அவர் தூக்கித்திரிந்தது பிரிஸ்டல் கிப்ஸ் செய்துகொடுத்த 4 போர் துவக்கு. 4 போர் என்றால் ஓர் இறாத்தல் ஈயத்தில் நான்கு குண்டு வார்க்கும் அளவுக் குழல். துவக்கின் எடை ஒன்பதரைக் கிலோ, ஒரு வெடிக்கு ஓர் அவுன்ஸ் கருமருந்து. என்ன ஒரு துவக்கு! அவர் போய் நாற்பது வருடங்களுக்கு மேல் கழித்துத்தான் முதலாவது நைட்ரோ எக்ஸ்பிரஸ் பிறக்கிறது. அந்த மனிதர்களின் பெயரைப் பட்டறைப் பித்தளையில் ஒட்டி விற்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

பின்பலகையைக் கழற்றிக் காட்டாதவரிடம் இதை வாங்காதீர்கள். ஒவ்வொரு தோட்டாவையும் பெயர் குறித்து, செயலிழந்தது என்று பற்றுச்சீட்டில் எழுதித் தர மறுத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் முதலில் அந்தக் கடைசி .303இன் கெப்பைப் பாருங்கள். பள்ளமும் இல்லை, பக்கத்தில் துளையும் இல்லை என்றால் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு 119க்கு அழையுங்கள். கடைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க என்று பஸ்ஸிலோ முச்சக்கரவண்டியிலோ ஏற்றாதீர்கள், வழியில் சோதனையில் பிடிபட்டால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதிகார சபையின் இலக்கம் 1977, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும், பற்றுச்சீட்டின் பிரதி தேவை. மற்றத் தோட்டாக்களின் அடிப்பக்கத்தைக் கிட்ட வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பினால், அசலா பட்டறை வேலையா என்று பார்த்துச் சொல்கிறேன்.