மூட்டுவலிக்குக் காந்த சிகிச்சை: திருச்சியில் அம்மாவோடு போய்ப் பார்த்தது

ஊருக்குப் போகிற எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். வங்கியில் கேஒய்சி, ஆதாரில் திருத்தம், பல் வைத்தியம், மூக்குக் கண்ணாடி. இந்த முறை என் பட்டியலில் முதல் வரி அம்மாவின் முட்டி. எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம், வலது பக்கம் கொஞ்சம் அதிகம். மெல்பர்னிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் காந்தத்தைப் பற்றித்தான் பேச்சு. எதிர்வீட்டு மாமி காந்தக் காப்பு போட்டிருக்கிறார், அத்தை வீட்டில் காந்த மெத்தை வாங்கிவிட்டார்கள், தில்லைநகரில் ஏதோ காந்த மெஷின் வந்திருக்கிறதாம், நாமும் வைத்துப் பார்ப்போமா என்று. சரி, வந்து எல்லாவற்றையும் நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று சொல்லியிருந்தேன். பார்த்ததை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு அப்பா அம்மாவின் முட்டியை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

முதலில் எலும்பு டாக்டரிடம்தான் போனோம். எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். முட்டிவலி என்பது ஒரே நோய் இல்லை. அம்மாவுக்கு இருப்பது போன்ற தேய்மானம் ஒன்று. முடக்குவாதம் வேறு: கைவிரல் மூட்டுகள் வீங்கும், காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு விடாது. யூரிக் ஆசிட் ஏறி வருவது இன்னொன்று. முடக்குவாதத்துக்குச் சீக்கிரமே சரியான மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். காந்தம், எண்ணெய் என்று ஆறு மாதம் கடத்தினால் அந்த ஆறு மாதத்தில் மூட்டே சிதைய ஆரம்பித்துவிடலாம். தில்லைநகரில் டோக்கன் வாங்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனது சில நிமிடங்கள். எக்ஸ்ரேயைப் பார்த்தார், மூன்றாவது கிரேடு தேய்மானம், ஆபரேஷன் இப்போது வேண்டாம், எடையைக் குறையுங்கள், பிசியோதெரபி போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எழுபது வயதுக்காரருக்கு அது எப்படி என்று யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில்தான் காந்தம் விற்கிறவர்கள் வந்து உட்காருகிறார்கள் என்று பிறகு புரிந்தது.

காப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளிலேயே செம்பில் காந்தம் பதித்த காப்புகள் கிடைக்கின்றன, விலை சில நூறு ரூபாய். இங்கிலாந்தில் இதை முறையாகவே சோதித்திருக்கிறார்கள். 2004-இல் இடுப்பு, முட்டித் தேய்மானம் உள்ள 194 பேரிடம் நடந்த சோதனையில், வலுவான காந்தக் காப்பு போட்டவர்களுக்கு வலி சற்றுக் குறைந்ததாக வந்தது. ஆனால் தன் காப்பு சாவிக்கொத்தில் ஒட்டுகிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம், அப்புறம் அது நம்பிக்கையால் குறைந்த வலியா, காந்தத்தால் குறைந்ததா என்று பிரிக்க முடியவில்லை. 2009-இல் யார்க் பல்கலைக்கழக ஆய்வில் 45 பேருக்கு வலுவான காந்தம், வலுக் குறைந்தது, காந்தம் நீக்கியது, செம்பு என்று நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். வலியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அம்மா ஆசைப்பட்டால் போட்டுக்கொள்ளட்டும், நூறு இருநூறு ரூபாயில் யாருக்கும் கேடில்லை என்பது என் எண்ணம். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போடக் கூடாது, அவ்வளவுதான்.

மெத்தை அப்படியில்லை. லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து, சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கியிருந்தார்கள் அத்தை வீட்டில். நாங்கள் போன அன்று, விற்றவர் அக்கம்பக்கத்து ஆட்களுக்குச் செய்து காட்ட வந்திருந்தார். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும், வலி போய்விடும் என்று விளக்கம். பிறகு அம்மாவைக் கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்தினார், கை இறங்கியது. காந்தத்தைக் கையில் கொடுத்துவிட்டு மறுபடி அழுத்தினார், கை இறங்கவில்லை. எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் தடவை மணிக்கட்டில் அழுத்தினார், இரண்டாம் தடவை முழங்கைக்குப் பக்கத்தில். தோளுக்குக் கிட்டே அழுத்தினால் யார் கையும் அவ்வளவு எளிதில் இறங்காது. இரண்டாம் தடவை என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்ததால் அம்மாவும் முன்கூட்டியே இறுக்கிக்கொண்டார்.

ரத்தத்தில் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு, ஆணி ஒட்டுவது போலக் காந்தத்தில் ஒட்டாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் மிக மிக லேசாக விலக்கத்தான் செய்கிறது. எம்ஆர்ஐ எடுக்கும்போது நாம் படுத்திருப்பது 1.5 டெஸ்லா, அதாவது 15,000 காஸ் காந்தப் புலத்துக்குள். ரத்த ஓட்டம் இழுபடுவது உண்மையென்றால் அங்கேயே தெரிந்திருக்கும், மூட்டுவலியும் அங்கேயே போயிருக்கும். அதோடு, சிறிய காந்தத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக வலு வேகமாகக் குறையும், தூரம் இருமடங்கானால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். மெத்தைப் பஞ்சுக்கு அடியில் இருப்பது முட்டிக்குள் எவ்வளவு வந்து சேரும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1954-இலிருந்தே மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் அட்டவணையில் ருமாட்டிசம் என்கிற வாதநோயும் ஒன்று. கூடத்தில் உட்கார்ந்து வாய்வார்த்தையாகச் சொல்வதை யார் போய்ப் பிடிப்பது?

எனக்குக் கோபம் வந்தது இதற்காகக்கூட இல்லை. மாமாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. அந்த மெத்தையில்தான் படுத்துக்கொண்டிருந்தார். விற்றவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேஸ்மேக்கர் இருக்கும் இடத்தில் 10 காஸ் அளவுக்கு மேல் காந்தப் புலம் பட்டாலே அது இதயத்தின் துடிப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டு நிலையான வேகத்துக்கு மாறிவிடக்கூடும். மாமா குப்புறப் படுக்கிற பழக்கக்காரர், நெஞ்சு நேராகக் காந்தத்தின் மேல். அன்றைக்கே அவருடைய இதய டாக்டரின் கிளினிக்குக்குப் போன் பண்ணிக் கேட்டோம், உடனே எடுத்துவிடச் சொன்னார்கள். மெத்தை இப்போது பரணில் இருக்கிறது. பணம் திரும்பி வரவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி, இன்சுலின் பம்ப் இருந்தால், காந்தத் தலையணை, காந்தப் பெல்ட் எதையும் வீட்டுக்குள் விடுவதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி மெஷின். தில்லைநகரில் ஒரு சிறிய பிசியோதெரபி கிளினிக். அதை நடத்துகிற தம்பிக்கு முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். அம்மாவை உட்கார வைத்து அவர் முதலில் கேட்டதே பேஸ்மேக்கர் இருக்கிறதா, உடம்புக்குள் வேறு கருவி ஏதாவது வைத்திருக்கிறார்களா என்றுதான். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. இங்கே இருப்பது காப்பில் பதித்த காந்தம் இல்லை. கம்பிச் சுருள் வைத்த அகலமான வளையம், அதற்குள் காலை நுழைத்து முட்டி நடுவில் வரும்படி படுக்க வைக்கிறார்கள். மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்தும்போது காந்தப் புலம் துடித்துத் துடித்து மாறும். எலும்பு முறிந்து ஒட்டாமல் கிடப்பவர்களுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவில் 1979-லேயே அனுமதி கொடுத்தார்கள், கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆண்ட்ரூ பாசெட் அதற்கு வழி போட்டவர். சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலும் மூட்டுவாதம் வரவழைத்த எலிகளுக்கு இந்த மாதிரிப் புலத்தைக் கொடுத்துப் பார்த்து, வீக்கம் குறைவதாக எழுதியிருக்கிறார்கள். தோல் ஆராய்ச்சி என்ற பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், அங்கே உயிரியல் வேலையும் நடக்கிறது.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம். சூடும் இல்லை, சுருக்கென்றும் இல்லை, லேசாக ஒரு ரீங்காரம் மட்டும். "ஒண்ணுமே தெரியலையே தம்பி, ஓடுதா?" என்றார். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன வட்டக் காந்தத்தை எடுத்து அம்மாவின் விரலிடுக்கில் கொடுத்து வளையத்துக்குள் நீட்டச் சொன்னார். விரலுக்குள் அது விர்ரென்று அதிர்ந்தது. "அட, துடிக்குதே!" என்று அம்மா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம்: "இது வலியைக் கொஞ்சம் குறைக்கும்மா. வலி குறைஞ்ச நேரத்துல பயிற்சி செஞ்சாதான் முட்டி நிக்கும். மெஷினை மட்டும் வச்சுக்கிட்டுப் போறதா இருந்தா வர வேண்டாம்."

அவர் சொன்னது ஆய்வுகளோடு நன்றாகவே பொருந்துகிறது. தேய்மானத்துக்கு மின்காந்தப் புலம் கொடுத்த 9 ஆய்வுகளை, மொத்தம் 636 பேர், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 2013-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஒப்பிடுவதற்காக வைத்த, புலம் வராத போலி மெஷினோடு பார்த்தால் நூறு புள்ளி அளவில் வலி சராசரியாக 15 புள்ளி குறைந்தது. ஆனால் நடப்பது, மாடி ஏறுவது போன்ற வேலைகளில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. தேய்ந்த ஜவ்வை அது வளர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பயிற்சிக்கு அவர் செலவழித்த நேரம்தான் அந்தக் கிளினிக்கில் நாங்கள் பெற்ற உண்மையான சேவை. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, முட்டியால் அதை அழுத்தி ஐந்து எண்ண வேண்டும். அம்மா முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பையே இறுக்கினார். அந்தத் தம்பி அம்மாவின் தொடையில், முட்டிச் சில்லுக்கு மேலே தன் உள்ளங்கையை வைத்து, "இங்க இறுகணும், இங்க மட்டும்" என்று சொல்லிச் சொல்லிச் சரிசெய்தார். அப்புறம் காலை நீட்டித் தூக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குவதை விட்டு மேசையில் கத்தியால் நறுக்கச் சொன்னார். பூஜை அறையில் ஒரு ஸ்டூல். குளியலறையில் பிடித்து எழ ஒரு கம்பி. எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் ஏறுகிற பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறையும் என்று அவர் சொன்ன கணக்கு அம்மாவைப் பிடித்துக்கொண்டது, காபியில் சர்க்கரை அன்றைக்கே நின்றது. மெஷினும் பயிற்சியும் சேர்த்து ஒரு தடவைக்கு 300 ரூபாய் வாங்கினார். மெல்பர்னில் என் பக்கத்து வீட்டுக்காரரையும் முட்டித் தேய்மானத்துக்கு முதலில் அனுப்பியது இப்படியொரு பயிற்சி வகுப்புக்குத்தான், டென்மார்க்கில் 2013-இல் தொடங்கி ஆஸ்திரேலியாவுக்கும் வந்த திட்டம் அது. அங்கே குழுவாக நிற்க வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள், இங்கே அம்மாவுக்கென்று தனியாக ஒருவர் கிடைத்தார்.

நான் கிளம்புவதற்குள் அம்மா நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ ஆரம்பித்துவிட்டார். ராத்திரி வலிக்குப் போடும் மாத்திரையும் குறைந்தது. இதில் காந்தத்தின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று ஒருவரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. பயிற்சிக்குத்தான் பெரிய பங்கு என்று நான் நம்புகிறேன்.

காசு கொடுக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. லால்குடிப் பக்கம் சித்தி வீட்டுக்குப் போனபோது பார்த்தேன், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து, பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு நடக்க முடியாதவர்களுக்கான பிசியோதெரபியும் அதில் உண்டு. மாத்திரை கொடுக்க வரும் அக்காவிடம் கேட்டால் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவுக்கும் தயங்காமல் போகலாம், அங்கே சிக்கல் கூட்டம்தான். ஆபரேஷன் வரைக்கும் போக வேண்டியவர்களுக்கு இன்னொரு தகவல்: 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டியின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. பரவலாக வைக்கும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது வைத்த விலை வரி நீங்கலாக 54,720 ரூபாய். பில்லில் செயற்கை மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

மெஷினுக்கு மறுபடி பணம் கட்டவில்லை. அதற்குப் பதிலாக அந்தத் தம்பி மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து அம்மாவின் நடையைப் பார்த்து, பயிற்சியை மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். திருச்சியில் காலை ஏழு மணி என்றால் மெல்பர்னில் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், வீடியோவில் அம்மா எண்ணுவார், நான் பார்ப்பேன். அடுத்த எக்ஸ்ரே தைக்குப் பிறகு.