ரிசப்ஷனுக்கு லைவ் கவுண்டர் போடப் போகிறீர்களா? பிளேட் கணக்கில் நாங்கள் ஏமாந்த கதையைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்

தை முகூர்த்தத்துக்கு மண்டபம் பிடித்துவிட்டு, சாப்பாட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, “இலை போட்டால் கட்டுப்படியாகாது, ரிசப்ஷனை அத்தோ (பர்மா நூடுல்ஸ்), கொத்து பரோட்டா, பிரியாணி என்று அங்கேயே சுடச்சுடச் செய்து கொடுக்கும் லைவ் கவுண்டரில் சிம்பிளாக முடித்துக்கொள்ளலாம்” என்று நினைப்பவர்கள் படியுங்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்த நினைப்பில் தப்பில்லை என்று இன்றும் சொல்வேன். ஆர்டர் கொடுத்த விதத்தில் ஏமாந்துவிட்டோம்.

கடந்த ஆவணியில் என் தம்பிக்குக் கல்யாணம். நாங்கள் தண்டையார்பேட்டை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன மண்டபம். முதல் நாள் சாயந்திரம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம். ரிசப்ஷனுக்கு 350 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டோம். இலைச் சாப்பாட்டுக்கு விசாரித்த இடங்களில் ஆளுக்கு 450, 500 என்று சொன்னார்கள். சாப்பாட்டுக்கு எங்களால் ஒதுக்க முடிந்தது ஒரு லட்சம்.

அத்தோ யோசனை தம்பியுடையது. காலேஜ் படித்த நாளில் பாதி சாயந்திரம் அவன் பாரிமுனை பக்கம் செகண்ட் லைன் பீச் ரோட்டில் அத்தோ வண்டி முன்னால்தான் நின்றிருப்பான். 1962-க்குப் பிறகு பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம் ஜனங்கள் வியாசர்பாடியிலும் எண்ணூர் பக்கத்திலும் குடியேறி, கூடவே கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸில் கோஸும் பொரித்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் போட்டுக் கையாலேயே பிசைந்து, மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கித் தூவி, பக்கத்தில் சூடாக வாழைத்தண்டு சூப்பை வைத்துக் கொடுப்பார்கள். “நம்ம ஏரியா சாப்பாட்டையே போடலாம்கா, வர்றவங்க சந்தோஷமா சாப்டுவாங்க” என்றான். அம்மாவுக்கு மட்டும் மனசில்லை. “பெரியவங்க உக்காந்து சாப்புட இலை வேணாமா?” என்று இரண்டு தடவை கேட்டார். நான்தான் சமாதானம் சொன்னேன். அந்த இரண்டு தடவையும் நான் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

தெரிந்தவர் ஒருவர் மூலமாக அந்த கேட்டரிங்காரர் வந்தார். அத்தோ, கொத்து பரோட்டா, பஜ்ஜி, சிக்கன் பிரியாணி என்று நாலு கவுண்டர். கூடவே பிரெட் அல்வா, ரோஸ் மில்க். “ஒரு பிளேட்டு எரநூத்தி எம்பது மேடம். அன்லிமிடெட். 350 பிளேட்டு மினிமம், அதுக்கு மேல போனா போன பிளேட்டுக்கு மட்டும் குடுங்க” என்றார். 350-ஐ 280-ஆல் பெருக்கினால் 98,000. பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அன்றைக்கே 50,000 ஜீபே பண்ணினேன். பில் கேட்டதற்கு, “ஃபங்ஷன் முடிஞ்சதும் மொத்தமா தரேன்” என்றார். மெனு வாட்ஸ்அப்பில் வந்தது. மறுவாரம் அவர் இடத்துக்குப் போய் ருசி பார்த்தோம். அத்தோவும் பிரியாணியும் உண்மையிலேயே நன்றாக இருந்தன. சமைத்தவர் வயதான மாஸ்டர். ரிசப்ஷன் அன்று அந்த மாஸ்டர் வரவேயில்லை. கேட்டரிங்காரர் அதே சாயந்திரம் இன்னும் இரண்டு இடத்தில் ஆர்டர் எடுத்துவிட்டு, எங்களுக்குக் கூலிக்குப் பிடித்த பையன்களை அனுப்பியிருந்தார்.

ஏழு மணிக்கு மேடை ரெடி. ஏழரைக்குக் கூட்டம் வந்துவிட்டது. வடசென்னையில் ரிசப்ஷன் என்றால் ஏழரையிலிருந்து ஒன்பதரை வரைதான். முக்கால்வாசிப் பேர் அந்த இரண்டு மணி நேரத்தில் வந்து, மொய் எழுதி, போட்டோ எடுத்து, சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அத்தோவுக்கு இரண்டு வண்டி, நாலு பேர் என்று சொல்லியிருந்தார். வந்தது ஒரு வண்டி, ஒரு பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். வியர்க்க வியர்க்கப் பிசைந்துகொண்டேயிருந்தான். ஆனால் ஒரு பிளேட்டுக்கு இரண்டு நிமிஷம் ஆகிறது. இரண்டு மணி நேரத்தில் 60 பிளேட். கொத்து பரோட்டாவுக்கு ஒரே ஒரு கல். ஒரு ஈடுக்கு நாலு பிளேட், ஏழு நிமிஷம். அதில் ஒரு 70 பிளேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 350 பேர் வந்த இடத்தில் இந்த இரண்டு கவுண்டரும் சேர்ந்து 130 பிளேட்டுக்கு மேல் கொடுக்கவே முடியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள், அதனால் இது இன்னும் வலிக்கிறது.

“அன்லிமிடெட்” என்ற வார்த்தைக்கு அர்த்தம் அந்த வரிசையில் நின்றபோதுதான் புரிந்தது. வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவு அவருக்கு லாபம். இருபது நிமிஷம் நின்றவர் இரண்டாம் தடவை வர மாட்டார். பாதிப் பேர் முதல் தடவையே நிற்காமல் பிரியாணி பக்கம் போய்விட்டார்கள். 20 கிலோ அரிசி பிரியாணி என்று பேச்சு. எட்டே முக்காலுக்குத் தேக்சாவில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. தூக்கிவந்த பையனைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, உண்மைய சொல்லு, எத்தனை கிலோ போட்டீங்க?” என்றேன். “பன்னெண்டு கிலோக்கா” என்று தலையைக் குனிந்துகொண்டான்.

அப்புறம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பாவோடு முப்பது வருஷம் ஹார்பரில் வேலை பார்த்த மாமா ஒருவர் எண்ணூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல், முட்டி வலி. மொய் எழுதிவிட்டு, தம்பியை ஆசீர்வாதம் பண்ணிவிட்டுக் கீழே இறங்கினார். உட்கார நாற்காலி இருந்தது, சாப்பிட மேஜை இல்லை. வரிசையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறார். ஒன்பது மணிக்கு அப்பா அவரைக் காணாமல் தேடிப்போனால், மண்டபத்துக்கு எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீயில் பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். “ஒண்ணும் இல்லப்பா, சுகர் மாத்திரை போடணும், அதான்” என்றாராம். அப்பா திரும்பி வந்து யாரிடமும் பேசவில்லை. அம்மாதான் மெதுவாக, “கல்யாண வீட்டுக்கு வந்தவர் வெளியில சாப்டுட்டுப் போறாரு” என்றார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய அவமானம் எதுவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் டிபன் கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு எண்ணூர் போய், அந்த மாமா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

ராத்திரி பதினோரு மணிக்கு கேட்டரிங்காரர் பில்லோடு வந்தார். 517 பிளேட். பாக்கி 94,760 ரூபாய். எனக்குத் தலை சுற்றியது. மொய் நோட்டில் வரிசையாகப் பார்த்தாலும், குழந்தை குட்டியைச் சேர்த்தாலும் 350-ஐத் தாண்டவில்லை. “பிளேட்டு கட்ட எண்ணிப் பாத்துக்கங்க மேடம்” என்று காலி கவர்களைக் காட்டினார். எப்படி 517 ஆனது என்றால், ஒவ்வொரு கவுண்டரிலும் தனித்தனியாகப் பிளேட் அடுக்கி வைத்திருந்தார்கள். பஜ்ஜிக்கு ஒரு பிளேட், பிரியாணிக்கு ஒரு பிளேட் எடுத்தால் அவர் கணக்கில் இரண்டு பேர். வரிசையில் நிற்க முடியாமல் வெறும் பஜ்ஜியோடு போனவருக்கும் 280. வேலை செய்த பையன்கள் சாப்பிட்டதும் எங்கள் தலையில். இலை என்றால் ஒரு ஆளுக்கு ஒரு இலை, எச்சில் இலையை எண்ணினாலே கணக்கு நேராகிவிடும். கவுண்டர் சாப்பாட்டில் பிளேட்டுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. போதாததற்கு அவை பிளாஸ்டிக் பூசிய காகித பிளேட்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. மண்டபக்காரர் அதற்கும் எங்களைத்தான் திட்டினார்.

சண்டை போட்டோம். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “செட்டில் பண்ணிடுங்க மேடம். இல்லாட்டி காலைல டிபன் வண்டி வராது” என்றார். மறுநாள் முகூர்த்தத்துக்கான இட்லி, பொங்கலும் அவரிடம்தான் கொடுத்திருந்தோம், அதற்குத் தனிப் பணம் முன்கூட்டியே போய்விட்டது. விடிந்தால் தாலி கட்ட வேண்டும், பெண் வீட்டார் மாடியில் தூங்குகிறார்கள். மொய்ப் பணத்திலிருந்து 80,000 எண்ணிக் கொடுத்தோம். முன்பணத்தையும் சேர்த்தால் பேசியதைவிட 32,000 அதிகம். தயவுசெய்து இரண்டு வேளையையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் காலை டிபன் முடிந்த பிறகுதான் மொத்தக் கணக்கு என்று எழுதி வாங்குங்கள்.

அவர் விசிட்டிங் கார்டில் உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று 14 இலக்க எண் இருந்தது. அந்த எண்ணை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ இணையதளத்தில் போட்டால் யார் பெயரில், எந்த முகவரிக்கு என்று வந்துவிடும். கல்யாணம் முடிந்துதான் போட்டுப் பார்த்தேன். வேறு யாரோ ஒருவர் பெயர், வேறு ஊர். இரண்டு நிமிஷ வேலை, முன்பணத்துக்கு முன்னால் செய்திருக்கலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அங்கிருந்து அவரைக் கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன். நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். என் கையில் இருப்பது வாட்ஸ்அப் மெனு, ஜீபே ரசீது, பிளேட் கவர்களின் போட்டோ, மொய் நோட்டு. ராத்திரி கொடுத்த 80,000 ரொக்கம் என்பதால் அதற்கு ஆதாரம் அவர் கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு மட்டும். எந்த நிலைமையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

கார்த்திகையில் சித்தி மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஏறக்குறைய அதே கூட்டம், அதே மாதிரிச் சாப்பாடு வேண்டும் என்றாள். இந்தத் தடவை கேட்டரிங் பக்கமே போகவில்லை. பிரியாணி மாஸ்டரிடம் சாமான் லிஸ்ட் வாங்கி, மளிகையைக் கொத்தவால்சாவடியில் நாங்களே எடுத்தோம். அரிசி மூட்டையும் கறியும் எங்கள் கண் முன்னால் தேக்சாவில் போயின. மாஸ்டருக்குக் கூலி, பாத்திரத்துக்கு வாடகை. பிரியாணி மட்டுமே சாப்பாடு என்றால் ஒரு கிலோ அரிசி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு வரும், பக்கத்தில் வேறு ஐட்டம் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட வரும். அத்தோவுக்கு தம்பி அவனுக்குப் பழக்கமான வண்டிக்கார அண்ணனிடமே நேராகப் போய்ப் பேசினான். பிளேட் கணக்கே கிடையாது. சாமானோடு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று முடிவு. அந்த அண்ணன் தன் தம்பி, மச்சான் என்று மூன்று பேரைக் கூட்டிவந்து, பெரிய பேசினில் பத்துப் பிளேட்டுக்கு ஒன்றாகப் பிசைந்து கொடுத்தார். கொத்து பரோட்டாவை நாங்களே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். இருநூறு பேருக்கு மேல் வருகிற ரிசப்ஷனுக்கு அது சரிப்படாது என்பது என் அபிப்பிராயம். ஒரு ஓரமாக நாலு மேஜை போட்டு, பெரியவர்களுக்கு மட்டும் இலை விரித்து, உட்காரவைத்துப் பரிமாறினோம். எண்ணூர் மாமாவையும் கூப்பிட்டிருந்தோம். அம்மா பக்கத்திலேயே நின்று இரண்டாம் தடவை பிரியாணி வைத்தார்.

எங்களை ஏமாற்றியவரின் பெயரை மனு போகும் நேரத்தில் இங்கே போட விரும்பவில்லை. ஆனால் தை மாதத்துக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இதே மாதிரி பேசுகிறவர்கள் வேறு பலரும் இருப்பார்கள். உங்களுக்கு வந்திருக்கும் மெனுவில் “அன்லிமிடெட்” என்று ஒரு வரியும் “கூடுதல் பிளேட்டுக்குத் தனி” என்று இன்னொரு வரியும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அந்த இரண்டையும் விரல் வைத்துக் காட்டி, யார் எண்ணுவது, எதை எண்ணுவது, ஒரு கவுண்டரில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால், தைக்கு இன்னும் நாள் இருக்கிறது, வேறு ஆளைப் பாருங்கள்.