தெட்டிஸில் பிஐஎன் பட்டன்: மோர்ஸை இரண்டு காதாலும் கேட்க

ஹெர்மீஸ்-லைட் 2 என்ற எஸ்டிஆர் ரேடியோ (கணினி மென்பொருளால் இயங்கும் ரேடியோ) வைத்திருக்கும் ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், பலர் தெட்டிஸ் மென்பொருளைத்தான் ஓட்டுகிறார்கள். அதில் இரைச்சலைக் குறைக்கும் என்ஆர், இடையூறான தொனியை வெட்டும் ஏஎன்எஃப் என்று இருக்கும் பட்டன்களோடு பிஐஎன் (பைனாரல், அதாவது இரண்டு காதுக்கும் வெவ்வேறாகக் கொடுப்பது) என்று ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நான் பேசிய வரைக்கும் அதைத் தொட்டவர்களே குறைவு, தொட்டவர்களும் "ஏதோ ஸ்டீரியோ மாதிரி இருக்கு" என்று சொல்லி அணைத்துவிட்டார்கள். மோர்ஸ் கேட்பவர்களுக்கு இந்த மென்பொருளில் இருக்கும் ஆகச் சிறந்த விஷயம் அதுதான் என்பேன். ஒரே ஒரு நிபந்தனை: மோர்ஸுக்கென்றே இருக்கும் சிடபிள்யூ மோடில் வைத்துக் கேட்டால் அதன் அருமை தெரியாது, டயலுக்கு மேலும் கீழும் இரண்டு பக்கத்தையும் கேட்கவிடும் டபுள் சைட்பேண்டுக்கு மாற்றிவிட்டுக் கேட்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். எஸ்டிஆர் ரேடியோ எதுவானாலும் உள்ளே சிக்னலை ஐ, கியூ என்று இரண்டு ஓடைகளாகத்தான் கையாளுகிறது, இரண்டுக்கும் நடுவே கால் சுற்று, அதாவது 90 டிகிரி ஃபேஸ் வித்தியாசம். சாதாரணமாக அதில் ஒன்றை மட்டும் எடுத்து இரண்டு காதுக்கும் கொடுப்பார்கள். பிஐஎன் போட்டால் ஐ ஒரு காதுக்கும் கியூ இன்னொரு காதுக்கும் போகிறது. 600 ஹெர்ட்ஸ் தொனியில் கால் சுற்று என்பது ஏறக்குறைய 0.42 மில்லிசெகண்ட். பக்கவாட்டிலிருந்து வரும் சத்தம் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் நடுவே எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகபட்சம் 0.6, 0.7 மில்லிசெகண்ட்தான், அதனால் மூளை இந்த வித்தியாசத்தை "சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது" என்றே எடுத்துக்கொள்கிறது. இந்த வேலை 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் நன்றாக நடக்கும், நாம் மோர்ஸ் கேட்கும் தொனியோ 400லிருந்து 700க்குள், இதற்கென்றே அளந்து வைத்த மாதிரி.

சிடபிள்யூ மோடில் ஃபில்டர் டயலுக்கு ஒரு பக்கத்தை மட்டும்தான் உள்ளே விடும். அப்போது சிக்னல், இரைச்சல், பக்கத்து ஸ்டேஷன் எல்லாமே ஒரே திசைக்குச் சாய்கின்றன, தலைக்குள் கொஞ்சம் இடம் விரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். டபுள் சைட்பேண்டில் டயலுக்கு மேலே இருப்பது ஒரு பக்கமும் கீழே இருப்பது மறுபக்கமும் போகிறது. மவுஸ் வீலை மெதுவாக உருட்டிக்கொண்டே போனால் ஒரு ஸ்டேஷன் வலது காதுப் பக்கம் கீச்சென்று ஆரம்பித்து, தொனி இறங்கி இறங்கி நடுவில் அடங்கி, பிறகு இடது பக்கத்தில் எழுந்து மேலே ஏறிப் போகிறது. முதல்முறை இதைக் கேட்பவர் ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்ப்பது நிச்சயம்.

ஆனால் என்னை முழுதாகக் கவர்ந்தது வேறு. 40 மீட்டர் பேண்டில் இரவு நேரம், 7.010 மெகாஹெர்ட்ஸ் பக்கம், ஒருவருக்கொருவர் ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி இரண்டு பேர் சிகியூ (யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பு) கூப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். டயலைச் சரியாக நடுவில் நிறுத்துங்கள். இரண்டு பேரும் 500 ஹெர்ட்ஸ், ஒரே தொனி. பிஐஎன் அணைந்திருந்தால் புள்ளியும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரு எழுத்துகூடத் தேறாது. போட்டவுடன் ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம், யாரைக் கேட்க வேண்டுமோ அவர்மேல் கவனத்தை வைத்தால் போதும், அழைப்புக்குறி தெளிவாக வந்து விழுகிறது. ஃபில்டரை இறுக்கவில்லை, டயலைத் தொடவும் இல்லை. கல்யாண வீட்டுச் சத்தத்தில் எதிரே இருப்பவர் பேச்சை மட்டும் பிடித்துக்கொள்கிறோமே, அதே திறமைதான் இங்கேயும் வேலை செய்கிறது.

பைல்-அப்பில், அதாவது ஒரே ஸ்டேஷனைப் பலர் ஒரே நேரத்தில் கூப்பிடும் நெரிசலில், இதன் பலன் பெரியது. அரிய நாட்டு ஸ்டேஷன் "அப்" (எனக்கு மேலே கூப்பிடுங்கள்) என்று சொல்லிவிட்டுத் தன் அலைவரிசைக்கு மேலே கேட்கும்போது, டயலைக் கூட்டத்தின் நடுவே வைத்துவிட்டால் அவர் இப்போது யாருக்குப் பதில் சொல்கிறார், அந்த ஆள் மேல்பக்கமா கீழ்பக்கமா என்பது தலையைத் திருப்பிப் பார்த்த மாதிரி தெரிந்துவிடுகிறது. அடுத்து எங்கே கூப்பிட வேண்டும் என்பதற்கு அதைவிட வேறென்ன துப்பு வேண்டும்? ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்திலும் எனக்கு இது பிடிக்கிறது. மின்னல் வெடிப்பு தலையைச் சுற்றிப் பரவுகிறது, சிக்னல் மட்டும் ஒரு இடத்தில் நிற்கிறது. 250 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் மணிக்கணக்காகக் கேட்டால் வரும் அந்த மணியடிப்பும் தலைவலியும் இதில் இல்லை.

சரி, குறைகளுக்கு வருவோம். இரண்டு பக்கத்தையும் திறந்துவிடுவதால் இரைச்சலும் இரண்டு மடங்கு உள்ளே வருகிறது, அதாவது 3 டெசிபெல். அதில் பெரும்பகுதியைக் காது ஈடுகட்டிவிடுகிறது என்பது என் அனுபவம். என்றாலும் வெற்று பேண்டில் தனியாக முனகும் ஒரே ஒரு பலவீனமான சிக்னலுக்கு இறுக்கமான ஃபில்டர்தான் இன்னும் நல்லது. பைனாரல் சிக்னலைப் பெரிதாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பிரித்துத்தான் காட்டும். அப்புறம், பதில் சொல்ல வேண்டுமானால் திரும்ப சிடபிள்யூ மோடுக்கு வர வேண்டும், டயலையும் சரிசெய்ய வேண்டும். ரேடியோ போட்டியில் அவசரமாக ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்பு பிடிக்கும்போது இது பெரிய தொல்லை. தேடிப்பிடித்துக் கூப்பிடுபவர்களுக்குப் பரவாயில்லை.

ஹெட்ஃபோன் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆனால் விலை உயர்ந்ததும் தேவையில்லை. ஒயர் உள்ள, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலிக்கிற சாதாரண ஸ்டீரியோ ஹெட்ஃபோன் போதும். ஸ்பீக்கரில் கேட்டால் எல்லாம் கலந்துவிடும். விண்டோஸில் "சவுண்ட் என்ஹான்ஸ்மென்ட்" என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள், மோனோ ஆடியோவும் அணைந்திருக்கட்டும். என்ஆரையும் விட்டுவிடுங்கள், சுத்தப்படுத்துகிற வேலையைக் காது பார்த்துக்கொள்ளும்.

இது புதுச் சரக்கும் இல்லை. அமெரிக்க ஹாம் ரிக் கேம்ப்பெல் (அழைப்புக்குறி கேகே7பி) கியூஎஸ்டி என்ற ஹாம் பத்திரிகையின் 1999 மார்ச் இதழில் பைனாரல் ஐ-கியூ ரிசீவர் ஒன்றை எழுதியிருக்கிறார்: இரண்டு மிக்ஸர், 90 டிகிரி தள்ளிய ஆசிலேட்டர், ஒரே மாதிரியான இரண்டு ஆடியோ ஆம்ப், ஒரு ஸ்டீரியோ ஜாக். எஸ்டிஆர் வாங்க இப்போது வசதி இல்லை, சால்டரிங் அயர்ன் மட்டும் இருக்கிறது என்பவர்களுக்கு அந்த வழிதான் என் சிபாரிசு. ஒரு பக்கத்தை மட்டும் கேட்கும் ரிசீவரில் தேவையில்லாத மறுபக்கத்தை 40 டெசிபெல் அடக்க வேண்டுமென்றால் இரண்டு ஆம்பும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். இங்கே எந்தப் பக்கத்தையும் அடக்கப் போவதில்லை என்பதால் கையில் கிடைக்கும் சாதாரண ரெசிஸ்டரும் கெப்பாசிட்டருமே போதும்.