மசோதாவை யார் விளக்கினால் நம்பலாம்? மினசோட்டா, டெக்சாஸ், கலிஃபோர்னியா

2023-இல் கலிஃபோர்னியாவில் எஸ்.பி. 403 என்ற மசோதா வந்தது. சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தில் பெயர் சொல்லித் தடை செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். ஏற்கெனவே இருக்கும் பாதுகாப்பைத் தெளிவாக்குகிறது, அவ்வளவுதான் என்றார்கள் ஆதரித்தவர்கள். தெற்காசியர்களை மட்டும் குறிவைக்கிறது என்றார்கள் எதிர்த்தவர்கள். மேலவையான செனட்டில் முதல் முறை 34-1 என நிறைவேறியது. கீழவையான அசெம்ப்ளியில் திருத்தம் செய்து, 'மரபுவழி' என்ற சொல்லின் விளக்கத்துக்குள் சாதியைச் சேர்த்தார்கள். கடைசியில் அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம், இருக்கும் சட்டமே போதும் என்று சொல்லி வீட்டோ செய்தார்.

அந்த மாதங்களில் நம்மவர்கள் கைக்கு வந்த விளக்கங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு பக்கத்தார் எழுதியவை. மசோதாவில் உண்மையில் என்னதான் இருக்கிறது என்று எந்தப் பக்கமும் சாயாமல் சொல்ல ஓர் இடம் வேண்டாமா?

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் இதற்கென்றே ஊழியர்கள் உண்டு. 1901-இல் விஸ்கான்சினில் சார்லஸ் மெக்கார்த்தி தொடங்கிய சட்டமன்றக் குறிப்புதவி நூலகம்தான் இதற்கெல்லாம் முன்னோடி. ஆனால் 'கட்சி சாராமல் சொல்வது' என்றால் என்ன என்பதற்கு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. அவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மினசோட்டா: நடந்ததை அன்றே எழுது

மினசோட்டா பிரதிநிதிகள் அவைக்குச் சொந்தமாக ஒரு செய்திப் பிரிவு இருக்கிறது. அது நடத்துவது 'செஷன் டெய்லி'. மசோதாக்களை முதலில் அலசும் உறுப்பினர் குழுக்களின் கூட்டங்களில் நிருபர்களும் புகைப்படக்காரர்களும் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறார்கள். மசோதா எண், கொண்டுவந்தவர் பெயர், அடைப்புக்குறிக்குள் அவருடைய கட்சியும் ஊரும், யார் என்ன பேசினார்கள், ஓட்டு எத்தனைக்கு எத்தனை என எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். நிருபரின் சொந்தக் கருத்து ஒரு வரி கூட இருக்காது.

இதன் பெரிய பலம் நேரம். மசோதா குழுவில் இருக்கும்போதே செய்தி வந்துவிடுவதால், படிப்பவர் தன் தொகுதி உறுப்பினருக்கு எழுதவோ அடுத்த கூட்டத்தில் போய்ப் பேசவோ அவகாசம் இருக்கிறது.

நடந்ததை மட்டும் எழுதுவது சுலபம் என்று தோன்றும். 2025 ஜனவரியைப் பாருங்கள். முந்தைய நவம்பர் தேர்தலில் இரண்டு கட்சிகளுக்கும் தலா 67 இடங்கள். ஜெயித்த ஒருவர் தொகுதியில் வசிக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னதால் ஓர் இடம் காலி, கணக்கு 67-66 ஆனது. ஜனநாயகக் கட்சியினர் அவைக்கே வரவில்லை. குடியரசுக் கட்சியினர் மட்டும் கூடி சபாநாயகரைத் தேர்ந்தெடுத்தார்கள். அது அவைக் கூட்டமே இல்லை, கூட்டம் நடக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) 68 என்றது எதிர்த்தரப்பு. ஜனவரி 24-இல் மாநில உச்ச நீதிமன்றமும் 68 என்றே தீர்ப்பளித்தது. இடைப்பட்ட நாட்களில் 'அவை கூடியது' என்று எழுதினாலே ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும், 'கூடவில்லை' என்றால் மறுபக்கம். அரசுச் சம்பளத்தில், அதே அவைக்கு வேலை பார்க்கும் நிருபருக்கு இதைவிடக் கடினமான வாரங்கள் இருக்க முடியாது.

டெக்சாஸ்: இரண்டு பக்கத்தையும் வை

டெக்சாஸில் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 140 நாட்கள்தான். அதற்குள் 8,000-க்கும் மேல் மசோதாக்கள் வந்து குவிகின்றன. பிரதிநிதிகள் அவையின் 150 உறுப்பினர்களும் எல்லாவற்றையும் படிப்பது நடக்கிற காரியமில்லை. அவர்களுக்காக அவையின் ஆய்வு அமைப்பு உருவாக்கிய அறிக்கை வடிவம் எனக்கு மிகவும் பிடித்தமானது. மசோதாவின் சாரம், குழுவில் விழுந்த ஓட்டு, ஆதரித்தும் எதிர்த்தும் சாட்சி சொன்னவர்களின் பட்டியல், அப்புறம் 'ஆதரவாளர்கள் சொல்வது', 'விமர்சகர்கள் சொல்வது' என்று இரண்டு பகுதிகள்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வலுவாக எழுதுவது லேசான வேலை இல்லை. எஸ்.பி. 403-க்கு இப்படி இரு தரப்பையும் சொல்லும் தாள் ஒன்று ஊரெல்லாம் சுற்றியிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஒரு தரப்பு சொல்வது தகவலாகவே தவறு என்றாலும் 'விமர்சகர்கள் சொல்வது' என்ற தலைப்பின் கீழ் அது அப்படியே நிற்கும். மேலும் மசோதா அவையின் விவாதப் பட்டியலுக்கு வந்த பிறகுதான் இந்த அறிக்கை வரும். அதற்குள் குழுவின் முன் போய்ப் பேசும் வாய்ப்பு முடிந்திருக்கும். சாதாரண மக்களுக்கு இது பெரிய இழப்பு.

கலிஃபோர்னியா: கணக்குப் பார்த்து முடிவைச் சொல்

1941-இல் தொடங்கிய சட்டமன்ற நிதி ஆய்வாளர் அலுவலகத்தை எல்லோரும் 'எல்.ஏ.ஓ.' என்பார்கள். இரண்டு அவைகளிலிருந்தும் இரண்டு கட்சியினரும் உள்ள கூட்டுக் குழு ஒன்றுதான் அதன் தலைவரை நியமிக்கிறது. மற்ற இரண்டும் தீர்ப்புச் சொல்லாமல் நடுநிலை காக்கின்றன. இது தீர்ப்புச் சொல்லியே நடுநிலை காக்கிறது.

2023 டிசம்பரில் 68 பில்லியன் டாலர் பற்றாக்குறை வரும் என்றது எல்.ஏ.ஓ. அடுத்த மாதம் ஆளுநரின் பட்ஜெட் சுமார் 38 பில்லியன் என்றது. அந்த பட்ஜெட்டையே எல்.ஏ.ஓ. தன் முறையில் அளந்தபோது 58 பில்லியன் வந்தது. எதைக் குறைப்பு என்று எண்ணுவது, எதை ஏற்கெனவே உள்ள நிலை என்று விடுவது, குறிப்பாகப் பள்ளி நிதியில், என்பதுதான் வேறுபாட்டின் பெரும்பகுதி. ஆளுநரும் அவைப் பெரும்பான்மையும் ஒரே கட்சி. அந்த அவையின் ஊழியர்களே 'உங்கள் ஆளுநர் காட்டுவதைவிடப் பள்ளம் பெரியது' என்று காரணத்தோடு எழுதினார்கள்.

மக்களின் நேரடி வாக்குக்கு வரும் முன்மொழிவுகளுக்கும் வாக்காளர் கையேட்டில் பாரபட்சமற்ற விளக்கம் எழுதுவது இவர்கள்தான். அது சாதாரண வாக்காளருக்குப் புரிகிறதா என்று பார்க்கப் பொதுமக்களிலிருந்து ஐந்து பேர் கொண்ட குழு வேண்டும் என்கிறது தேர்தல் சட்டம். அதில் ஒருவர் கல்வித்துறை வல்லுநர், ஒருவர் இருமொழி தெரிந்தவர், ஒருவர் தொழில்முறை எழுத்தாளர். புரியும்படி எழுதுவதைச் சட்டக் கடமையாகவே ஆக்கியிருப்பதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் எஸ்.பி. 403 போன்ற மசோதாவுக்கு எல்.ஏ.ஓ. பக்கம் போய்ப் பயனில்லை, அதன் வேலை பெரும்பாலும் அரசின் பணக் கணக்குதான். அதற்கு மசோதாவின் தலையிலேயே சட்டமன்றத்தின் சட்ட ஆலோசகர் அலுவலகம் எழுதும் சுருக்கத்தைப் படிக்க வேண்டும். குழு ஊழியர்களின் அலசலும் இணையத்தில் கிடைக்கும், ஆனால் அவர்கள் குழுத் தலைவரின் கீழ் வேலை செய்பவர்கள்.

எனக்கு எது?

மசோதாவைப் பின்தொடர்ந்து ஏதாவது செய்ய நினைப்பவருக்கு மினசோட்டா முறை. ஏன் சண்டை போடுகிறார்கள் என்று புரிய டெக்சாஸ் முறை. ஒரு மாநிலம் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் கலிஃபோர்னியா பக்கம். குழுக் கூட்டச் செய்தியை நல்ல பத்திரிகை எழுதிவிடும். இரு தரப்பு வாதங்களையும் இரு தரப்பும் எப்படியாவது பரப்பிக்கொள்ளும். அரசின் கணக்கை ஆண்டுக்கணக்காக உள்ளிருந்து பார்த்து, பெரும்பான்மைக்கே பிடிக்காத எண்ணைச் சொல்ல வெளியில் யாரிடமும் ஆள்பலம் இல்லை.

மூன்றிலும் எளிதில் அடிபடக்கூடியதும் அதுதான். 1990-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 140-ஆம் முன்மொழிவு உறுப்பினர்களின் பதவிக்காலத்துக்கு வரம்பு வைத்தது. கூடவே சட்டமன்றச் செலவிலும் பெரிய வெட்டு விழுந்தது. அந்த வெட்டில் எல்.ஏ.ஓ. தன் ஊழியர்களில் பாதிக்கும் மேல் இழந்தது.