நோடா, கோவா? மூன்று வருடம் தூங்கிய இரண்டு நிரல்கள்

தலைப்பைச் சத்தமாகப் படித்தால் ஒன்று தேர்தல் பட்டன் மாதிரியும் இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரியும் கேட்கிறது. நான் சொல்ல வருவது சர்வரில் ஓடும் நிரல்களை எழுத உதவும் இரண்டைப் பற்றி: ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ், கோ என்ற நிரல்மொழி. ஆபீசில் போன வருடம் ஒரு புது சர்வீஸ் எழுத வேண்டியிருந்தது. டீமில் பாதிப் பேர் நோட் என்றார்கள். நான் கோ என்று அடம்பிடித்து, கடைசியில் கோ மொழியில்தான் எழுதினோம்.

வேகம் பற்றிப் பேசப்போவதில்லை. ஒரு நாளைக்குச் சில ஆயிரம் பணப் பரிவர்த்தனை வரும் எங்கள் இடத்தில் இரண்டுமே வேலையில்லாமல் கொட்டாவி விடும். ஆள் கிடைப்பது நோடுக்குத்தான் சுலபம். வெப் பக்கம் எழுதுகிற பையன்களே சர்வர் பக்கத்தையும் பார்த்துக்கொள்வார்கள். கோ சின்ன மொழி, ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். சரி, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: எழுதி முடித்து, ஓடுகிறது என்று மறந்தே போன நிரலை மூன்று நான்கு வருடம் கழித்துத் திறந்தால் என்ன ஆகும்?

எனக்கு அப்படித் திறக்க வேண்டி வந்தது 2023-இல். சர்வரில் இருந்த உபுண்டு 18.04 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு அந்த மே மாதத்தோடு முடிந்ததால் சர்வரை 22.04-க்கு மாற்றச் சொன்னார்கள். அதில் என் கைப்பட எழுதிய இரண்டு நிரல்கள் இருந்தன. ஒன்று நோட் 10-இல் எழுதியது. பணம் வந்ததும் தகவலை வாங்கி டேட்டாபேஸில் பதிவு செய்யும். இன்னொன்று கோ 1.13, ராத்திரி வங்கிக் கணக்குக் கோப்பை வாங்கி, அந்தப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டையும் மூன்று வருடமாக யாரும் தொடவில்லை.

முதலில் நோடைக் கையில் எடுத்தேன். 18-ஆம் வெர்ஷனை நிறுவி நிரலுக்கு வேண்டிய பேக்கேஜ்களை (மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள்) இறக்கும் 'என்பிஎம் இன்ஸ்டால்' கொடுத்ததும் திரை முழுக்க சி++ மொழிப் பிழைகள். நான் ஒரு வரிகூட சி++ எழுதவில்லையே! பாஸ்வேர்டை ஹாஷ் செய்ய (திரும்ப எடுக்க முடியாதபடி உருமாற்ற) வைத்திருந்த பீகிரிப்ட் பேக்கேஜின் உள்ளே சி++ இருக்கிறது; ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடின் வி8 எஞ்சின் இத்தனை வருடத்தில் மாறிவிட்டதால் பழைய வெர்ஷன் கம்பைல் ஆகவில்லை, அதாவது இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறவில்லை. அதைப் புதுப்பித்தேன். அடுத்து, வேறு சர்வர்களிடம் தகவல் கேட்கும் 'ரிக்வெஸ்ட்' லைப்ரரி. 2020 பிப்ரவரியிலேயே அதற்கு மூடுவிழா அறிவித்துவிட்டார்கள். பதிலுக்கு நோட்-ஃபெட்ச் போட்டால், அதன் மூன்றாம் வெர்ஷனை 'ரிக்வயர்' செய்ய முடியாது, 'இம்போர்ட்'தான் செய்ய வேண்டுமாம். பேக்கேஜை நிரலுக்குள் கொண்டுவரப் பழைய வழி ரிக்வயர், புது வழி இம்போர்ட்; என் நிரல் முழுக்க ரிக்வயர். நல்லவேளை, நோட் 18-இல் அதே வேலையைச் செய்யும் ஃபெட்ச் உள்ளேயே வந்துவிட்டது. பேக்கேஜையே தூக்கிப் போட்டேன்.

அப்புறம்தான் உண்மையான கூத்து. நிரல் கிளம்பியது. பிழை ஏதும் இல்லை, லாக் பதிவும் இல்லை. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுடன் இணைய வேண்டிய வரியில் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டேன், பாஸ்வேர்டைச் சந்தேகப்பட்டேன், நெட்வொர்க் பார்க்கிறவரைத் தேநீர் நேரத்தில் இழுத்துவந்து உட்காரவைத்தேன். அதே சர்வரிலிருந்து கையால் இணைத்தால் இணைகிறது. சாயங்காலம்தான் தெரிந்தது: போஸ்ட்கிரஸுடன் பேசும் 'பிஜி' என்ற டிரைவரில் 8.0.3-க்கு முந்தைய வெர்ஷன்கள் நோட் 14-க்கோ அதற்கு மேலோ போனால் இணைப்புக் கட்டத்திலேயே சத்தமில்லாமல் நின்றுவிடும். பேக்கேஜ் கோப்பில் ஒரு எண்ணை மாற்றியதும் ஓடியது. அந்த ஒரு எண்ணுக்கு ஒரு பகல் போனது. மொத்தமாக நோட் நிரலுக்கு மூன்று நாள்.

கோ நிரலுக்கு? கோ 1.20-ஐ நிறுவி 'கோ பில்ட்' என்று அடித்தேன். காபி எடுத்து வருவதற்குள் பைனரி (நேரடியாக ஓடும் கோப்பு) தயார்.

அதிலும் ஒரு சறுக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மாற்றுகிறதே மாற்றுகிறோம் என்று கன்டெய்னரில் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி), அதுவும் உள்ளே ஒன்றுமே இல்லாத 'ஸ்கிராட்ச்' இமேஜில் வைத்தேன். கிளம்பியதும் 'ஏசியா/கொல்கத்தா' என்ற டைம்ஸோன் தெரியாது என்று சொல்லி விழுந்துவிட்டது. டைம்ஸோன் பட்டியலைக் கோ சிஸ்டத்திடமிருந்து வாங்குகிறது. ஸ்கிராட்ச்சில் சிஸ்டம் என்று ஏது? கோ 1.15-இலிருந்து அந்தப் பட்டியலைப் பைனரிக்குள்ளேயே பொதிந்துகொள்ள ஒரு பேக்கேஜ் இருக்கிறது. ஒரு வரி இம்போர்ட், முடிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, விழும்போதே எதனால் விழுகிறேன் என்று அது சொல்லிவிட்டு விழுந்தது.

காகிதத்தில் பார்த்தால் இது தலைகீழாக இருக்க வேண்டும். நோடின் நீண்டகால வெர்ஷனுக்கு வழக்கமாக மொத்தம் 30 மாத ஆதரவு. கோ மொழியில் ஆறு மாதத்துக்கு ஒரு புது வெர்ஷன். கடைசி இரண்டுக்கு மட்டுமே ஆதரவு, அதாவது ஏறக்குறைய ஒரு வருடம். கோவைத்தான் அடிக்கடி மாற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆகும் செலவுதான் கணக்கு. 2012 மார்ச்சில் கோ 1.0 வந்தபோதே, இதற்கு எழுதிய நிரல் இனி வரும் 1.x வெர்ஷன்களிலும் கம்பைல் ஆகும் என்று வாக்குக் கொடுத்தார்கள். கோ 1.22-இல் ஃபார் லூப் மாறியின் பழைய தொல்லையை (எல்லாச் சுற்றுக்கும் ஒரே மாறி) திருத்தினார்கள் இல்லையா, அதைக்கூட, நிரலின் கோ வெர்ஷனைக் குறித்துவைக்கும் கோ.மாட் கோப்பில் 1.22 அல்லது அதற்கு மேல் என்று எழுதியவர்களுக்கு மட்டும்தான் மாற்றினார்கள். பழைய எண்ணை வைத்திருந்தால் பழைய நடத்தைதான்.

நோடைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் மொழி எதையும் உடைக்கவில்லை. உடைந்தது நான் இழுத்துப் போட்ட பேக்கேஜ்கள். நேரடியாகக் கேட்டது 14, அவை இழுத்துவந்தவற்றோடு சேர்த்து நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் வந்து குடியேறியது 600-க்கு மேல். கோ நிரலில் நேரடி டிபெண்டன்சி (நிரல் சார்ந்திருக்கும் பேக்கேஜ்) இரண்டே இரண்டு. ஹெச்டிடிபி சர்வர், ஜேசான், டெஸ்ட் எல்லாம் கோவுடனேயே வருகின்றன என்பது ஒரு காரணம். பழக்கம் இன்னொரு காரணம். லைப்ரரியை இழுப்பதைவிடக் கொஞ்சம் காப்பியடிப்பது மேல் என்று கோவை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் 2015-இல் ஓர் உரையில் சொன்னதைக் கோக்காரர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். நோட் பக்கம் 2016-இல் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை எழுதியவர் அதை நீக்கியதும் உலகம் முழுக்க பில்டுகள் விழுந்தன. நோடை உருவாக்கிய ரயன் டால்கூட 2018-இல் தன் வருத்தங்களைப் பட்டியல் போட்டபோது நோட் மாட்யூல்ஸையும் அதில் சேர்த்தார்.

கோ மொழியில் எரிச்சல் இல்லாமல் இல்லை. மூன்று வரிக்கு ஒருமுறை 'எர்ர் நில் இல்லையென்றால்' (பிழை வந்ததா என்று பார்க்கும் வரி) என்று எழுதி எழுதிக் கை ஓய்கிறது. ஒரே நிரலைப் பல தரவு வகைகளுக்குப் பயன்படுத்தும் ஜெனரிக்ஸ் வர 2022 ஆனது. பேக்கேஜ் வெர்ஷன்களை நிர்வகிக்கும் மாட்யூல்ஸ் வந்ததே 2018-இல் 1.11-உடன், எல்லாவற்றையும் கோபாத் என்ற ஒரே ஃபோல்டருக்குள் வைத்த அதற்கு முந்தைய காலத்தில் நான் கோ எழுதவில்லை, எழுதியிருந்தால் இந்தப் புகழ்ச்சி கொஞ்சம் குறைந்திருக்கும். பேக்கேஜ்களைக் கறாராகக் குறைத்து, மாதாமாதம் புதுப்பிக்கிற டீம் நோடிலும் நிம்மதியாக இருக்கலாம். நான் அப்படி ஒரு டீமில் இருந்ததில்லை. ரஸ்ட் மொழியை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். அதில் ஒரு சின்னக் கமாண்ட்லைன் கருவி எழுதினேன், பிடித்திருந்தது. ஆனால் மூன்று வருடம் தூங்கவைத்து எழுப்பிப் பார்க்கவில்லை, அதனால் அதைப் பற்றி வாயைத் திறக்கமாட்டேன்.

அந்தப் பழைய நோட் நிரல் இன்னும் ஓடுகிறது. நோட் 18-இன் ஆதரவு 2025 ஏப்ரலில் முடிந்ததும் 22-க்கு ஏற்றினேன். இந்த முறை அரை நாள்தான், முதலில் பிஜி டிரைவரைத்தான் திறந்து பார்த்தேன். 22-இன் ஆயுள் 2027 ஏப்ரல் வரை. காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். கோவுக்கு வட்டம் எதுவும் போடவில்லை.